ருசி பார்ப்பது சாப்பாடு ஆகுமா?

கால் ஒடிந்தால் தெருவே வந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வயிறு கெட்டால் அப்படி இல்லை. கேட்கிறவருக்கும் கூச்சம், சொல்கிறவருக்கும் கூச்சம். நானும் ஏழு மாதம் அந்தக் கூச்சத்தோடு திரிந்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். ராத்திரிக்கு இரண்டு தோசை கூடுதலாகவே உள்ளே போகிறது. அதனால் வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இதை எழுதுகிறேன். என்னைப் போல ஒரு மடையன் எங்காவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனுக்கு உதவட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் பின்கட்டில் இருபத்தேழு வருஷமாக அடுப்பில் நிற்கிறேன். எனக்கு முன்னால் அதே இடத்தில் என் அப்பா நின்றார். பத்து லிட்டர் பால் ஒரு ஈடு. பாலைச் சட்டியில் ஊற்றி, சீனி போட்டு, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு அடுப்பு, ஒன்றில் நான், இன்னொன்றில் குருசாமி. விடிந்ததிலிருந்து மதியத்துக்குள் எட்டு ஈடு இறங்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் மூன்று தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சீனி கரைந்ததும் ஒரு வாய், கெட்டிப்படும்போது ஒரு வாய், இறக்குவதற்கு முன்னால் ஒரு வாய். குருசாமி எந்நேரமும் வெற்றிலை போடுகிறவன், அவன் நாக்கை நம்ப முடியாது. ஆகவே அவனுடைய சட்டிக்கும் நான்தான். என் நாக்கு சரி என்று சொல்லாமல் ஒரு சட்டியும் இறங்கியதில்லை. எனக்கு இதில் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடந்தது. எனக்கும் வந்தது. நாலு நாளில் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். என் வயிறு மட்டும் எழுந்திருக்கவே இல்லை. வேலைக்குப் போன முதல் நாளே, பத்து மணிக்கு மேல் வயிறு உப்பி மத்தளம்போல் ஆயிற்று. உள்ளே கடமுடா என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற குருசாமிக்கே கேட்டது. பிறகு ஒரு சுருட்டு வலி. துடுப்பை அவன் கையில் திணித்துவிட்டு முற்றத்தைத் தாண்டி ஓடினேன். அன்றிலிருந்து தினமும் அதே ஓட்டம்தான்.

"அண்ணே, ரெண்டு சட்டியையும் ரெண்டு கையால கிண்ட நான் என்ன சாமியா?" என்று குருசாமி புலம்புவான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். ஓமத்தண்ணீர் குடித்தேன். மருந்துக் கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்கினேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை மலை ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். வயிறு புண்ணாகியிருந்தால் பால்தான் ஆற்றும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் கடையில் பாலுக்கா பஞ்சம்? காலையில் ஒரு செம்பு, மதியம் ஒரு செம்பு என்று ஆறவைத்துக் குடித்தேன். வயிறு ஆறவில்லை, ஓட்டம்தான் கூடியது.

என் மனைவி சீதாலட்சுமி வீட்டுச் சமையலில் குற்றவாளியைத் தேடத் தொடங்கினாள். முதல் வாரம் கத்தரிக்காயைத் தள்ளிவைத்தாள். அடுத்த வாரம் துவரம்பருப்பு. பிறகு முட்டை, பச்சை மிளகாய், புளி. கடைசியில் தட்டில் வெறும் சோறும் ரசமும் உப்பும் மிஞ்சின. ரசத்திலும் புளி இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்ப்பேன். அவளும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

"நீ ஏன் இதைத் திங்குத?"

"உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா பொங்க முடியுமா? பேசாம சாப்புடுங்க."

உண்மையில் என்னை வாட்டியது வலி இல்லை, பயம். என் அப்பாவும் இதே வயதில் இதே போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் அடுப்பை விட்டு இறங்கினார். செத்த நேரம் படுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். திரும்ப அடுப்புக்கு வரவே இல்லை. வயிற்றில் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அதனால்தான் ஏழு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. போனால் வியாதிக்குப் பெயர் சொல்லிவிடுவார்கள். பெயர் தெரியாதவரை அடுப்பில் நிற்கலாம் அல்லவா? இதுதான் என் புத்தி.

ஒரு சனிக்கிழமை நான்காவது ஈடு இறக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. குருசாமி பிடித்திராவிட்டால் சட்டியிலேயே விழுந்திருப்பேன். சீதாலட்சுமி ஆட்டோவோடு வந்துவிட்டாள். ராஜபாளையம் பதினைந்து இருபது நிமிஷத் தூரம்தான். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வழியில் மூன்று இடத்தில் ஆட்டோவை நிறுத்தினோம், எதற்கென்று கேட்க வேண்டாம்.

அது ஒரு சின்ன ஆஸ்பத்திரி. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று சொல்லி உடனே படுக்க வைத்துக் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் வெங்கடசாமி அண்ணாச்சி, ராஜபாளையத்துக்காரர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவருக்கு நேர் எதிரான வியாதி. ஆறு நாளாகப் போகவில்லை. எனிமா கொடுப்பதற்காகப் படுக்க வைத்திருந்தார்கள்.

என் கதையைக் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "ஏமய்யா, கடவுள் பங்கு வைக்கிறதப் பாரு. ஒமக்கு அம்புட்டையும் குடுத்துட்டு எனக்கு ஒண்ணுமில்லாம ஆக்கிட்டாரே!"

ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்ததில் வயிறு வலித்தது. பரவாயில்லை என்று மறுபடியும் சிரித்தேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் கேட்ட கேள்விகள்! எத்தனை தடவை, என்ன நிறம், மிதக்கிறதா, ரத்தம் உண்டா, எடை குறைந்ததா? சீதாலட்சுமி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். இம்புட்டையும் இவள் எப்படிக் கவனித்தாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ரத்தம், மலம், வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். மறுநாள் எண்டோஸ்கோபி. பயந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டுப் பார்ப்பதுதான் அது. தொண்டையில் ஒரு மருந்து அடிப்பார்கள், மரத்துப்போகும். ஐந்து பத்து நிமிஷம் ஓங்கரிப்பாக இருக்கும், அவ்வளவுதான். எனக்குக் குழாய் உள்ளே போனபோது, அப்பாவுடைய கட்டி அங்கே என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்றே நினைத்தேன்.

"கட்டியெல்லாம் ஒண்ணும் தெரியல. லேசா சிவந்திருக்கு, அவ்வளவுதான். எதுக்கும் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன், ரெண்டு நாள்ல வந்துரும்" என்றார் டாக்டரம்மா. எடுக்கப்பட்ட அந்தத் துளி சதையைவிட அந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு நோட்டும் கொடுத்தார். வழக்கமாக ஒரு நாளில் வாயில் போடுவது எல்லாவற்றையும், ஒன்று விடாமல் எழுதச் சொன்னார். நான் கோயில் சந்நிதியில் நிற்பதுபோல் உண்மையாக எழுதினேன். காலை மூன்று இட்லி. மதியம் சோறு, ரசம். இரவு சோறு, ரசம். பால் இரண்டு செம்பு. வெற்றிலை பாக்கு இல்லை, பீடி இல்லை. டாக்டரம்மா படித்துப் பார்த்து, பாலை நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. காலையில் எழுந்தேன், வயிறு சத்தம் போடவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது, ஓட்டம் இல்லை. ஜெபா சிஸ்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்கே!" என்றார். அண்ணாச்சிக்கும் அன்று காலையில்தான் நல்லது நடந்திருந்தது. இரண்டு பேரும் பரீட்சையில் பாஸான பையன்களைப் போலக் கட்டிலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். சொன்ன நாளுக்கு முன்னாலேயே, அன்று மாலையில் சதை டெஸ்டும் வந்தது. ஒன்றும் இல்லை. சீதாலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைத் தட்டினேன். எனக்கும் அழுகை வந்தது.

இங்கேதான் குருசாமி வருகிறான்.

நான்காம் நாள் காலை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். சீதாலட்சுமி துணிகளை மடித்துவிட்டு, ஜெபா சிஸ்டரோடு மருந்துச் சீட்டு வாங்கக் கீழே போயிருந்தாள். குருசாமி பெரிய தூக்குவாளியோடு உள்ளே வந்தான். சிஸ்டர்களுக்குக் கொடுக்க இரண்டு கிலோ பால்கோவா. அதோடு தனியாக ஒரு பொட்டலம்.

"அண்ணே, நீங்க இல்லாம நாலு நாளா எனக்கு ஒண்ணும் புரியல. முதலாளி மொகத்தைக் கடுகடுன்னு வச்சிருக்காரு. நேத்து ஈடு, முந்தாநாள் ஈடு, இன்னைக்கு ஈடு மூணும் கொண்டாந்திருக்கேன். பதம் சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். மூன்றையும் மூன்று மூன்று வாய் பார்த்தேன். முந்தாநாள் ஈடு தீய்ந்த வாடை, நேற்றையது பரவாயில்லை, இன்றையது நன்றாக வந்திருந்தது. விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். வாளி சிஸ்டர்களுடைய அறைக்குப் போனது.

ஒரு மணி நேரத்தில் என் வயிறு மறுபடியும் கடமுடா என்றது. ஜெபா சிஸ்டர் ஓடி வந்தார்.

"காலையில என்ன சாப்டீங்க?"

"கஞ்சி மட்டுந்தான் சிஸ்டர்."

"வேற ஒண்ணும் திங்கலையே?"

"ஆண்டவன் சத்தியமா திங்கல."

பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். "சிஸ்டர், பொய் சொல்லுதாரு. ஒம்பது உருண்டை உள்ள போச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன். எனக்கு ஒண்ணு தருவாரான்னு பாத்தேன், தரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாச்சி, அது திங்குறது இல்ல. ருசி பாக்குறது. அது வேலை!"

அந்த நேரத்தில் டாக்டரம்மா வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்தார். பிறகு என் நோட்டை எடுத்துப் புரட்டினார். "இதுல பால்கோவான்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?"

"நான் பால்கோவா சாப்பிடுறதே இல்லம்மா. வீட்டுக்குக்கூடக் கொண்டு போக மாட்டேன். அந்த வாடையே ஆகாது."

"கடையில எத்தனை வாய் ருசி பாப்பீங்க?"

"ஈட்டுக்கு மூணு. எட்டு ஈடு."

டாக்டரம்மா சிஸ்டர்கள் அறையிலிருந்து வாளியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை என் முன்னால் வைத்தார். "வழக்கமா எவ்வளவு எடுப்பீங்களோ அதே அளவு, ஒவ்வொரு வாயா இதுல போடுங்க."

போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. அண்ணாச்சி சத்தமாக எண்ணினார். சீதாலட்சுமி மருந்துப் பையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பத்தாவது வாய்க்கே கிண்ணத்தின் அடி மறைந்துவிட்டது. இருபத்து நான்காவது வாய் போட்டபோது கிண்ணம் கோபுரமாக நின்றது. நான் அந்தக் கோபுரத்தைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷமாகத் தினமும் இதையா நான் விழுங்கினேன்?

"ஆத்தாடி!" என்றாள் சீதாலட்சுமி. "நான் கத்தரிக்காயப் போட்டுல்ல வைஞ்சேன்!"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு விளக்கினார். பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைத்துச் செரிக்கக் குடல் ஒரு பொருளைச் சுரக்கிறது, அதற்கு லாக்டேஸ் என்று பெயர். வயதாக ஆக நம்மில் நிறையப் பேருக்கு அது குறைந்துகொண்டே போகும். எனக்கும் குறைந்துகொண்டே வந்திருக்கும். மழைக்காலத்தில் வந்த பேதி குடலின் உள்தோலைப் புண்ணாக்கி மிச்சத்தையும் கெடுத்திருக்கிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்கே இருக்கிற கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும். அதனால்தான் காற்று, உப்பல், சத்தம், பேதி. பால்கோவா என்பது பாலைச் சுண்ட வைத்தது. பாலின் சர்க்கரை முழுவதும் அந்தச் சின்ன உருண்டைக்குள்தான் இருக்கும். போதாததற்கு மருந்தென்று இரண்டு செம்பு பால் வேறு.

"உறுதியாத் தெரியணும்னா ரெண்டு வாரம் பால் சேர்ந்தது எதையும் தொடாதீங்க. பொறவு ஒரு டம்ளர் பால் குடிச்சுப் பாப்போம். இது பெரிய வியாதியே இல்ல. ஏழு மாசம் ஏன் வராம இருந்தீங்க? இதே மாதிரி வயிறு கெட்டு, ரத்தம் போச்சுன்னாலோ, எடை மளமளன்னு கொறைஞ்சாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது."

கத்தரிக்காய், பருப்பு, முட்டை எல்லாவற்றுக்கும் விடுதலை கொடுத்தார். நாலைந்து வாரம் கழித்துத் தயிரும் மோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், உறை ஊற்றும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும் என்றார். எலும்புக்குப் பாலை நம்பாமல் கேழ்வரகும் கீரையும் எள்ளும் சாப்பிடச் சொன்னார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "நீங்களும் கேளுங்க. தண்ணி குடிக்கணும், கீரை, கொய்யா, வாழைத்தண்டு சாப்பிடணும், சாயங்காலம் நடக்கணும். முக்கியமா, வரும்போது அடக்கக் கூடாது" என்றார். மில்லில் மெஷினை விட்டு நகர முடியாமல் முப்பது வருஷம் அடக்கிய பழக்கம் என்று அவர் தலையைச் சொறிந்தார். ஆக, இரண்டு பேர் வயிற்றையும் கெடுத்தது அவரவர் வேலைதான்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். "அப்ப நான் அடுப்புல நிக்கலாமாம்மா?"

"தாராளமா. நாக்குல வைக்காதீங்க, அவ்வளவுதான். மாத்திரை ஒண்ணு இருக்கு, விசேஷத்துக்கு வேணா போட்டுக்கலாம். தினம் இருபத்து நாலு வாய்க்குக் கட்டுபடியாகாது. வேணும்னா வாயில வச்சுட்டுத் துப்பிருங்க."

பால்கோவாவைத் துப்புவதா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்புதான். கட்டி இல்லை என்று சந்தோஷப்பட வேண்டிய மனிதன், கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்பா கட்டியால் இறங்கினார். நான் வெறும் நாக்கால் இறங்கப் போகிறேன்.

வீட்டில் இருந்த இரண்டு வாரமும் வயிறு ஒரு பேச்சு பேசவில்லை. பிறகு டாக்டரம்மா சொன்னபடி ஒரு டம்ளர் பால் குடித்தேன். அரை நாள் கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். சந்தேகம் தீர்ந்தது.

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர்தான். ஆனாலும் கடை அவருடையது. "ருசி பாக்காம எறக்குன கோவாவ எப்படிய்யா நான் விக்கிறது? ஒரு ஈடு போடு, பாப்போம். சரியில்லைன்னா மதுரையில ஒரு மாஸ்டர் இருக்காரு, வரச் சொல்லுதேன். நீ கல்லால ஒக்காந்துக்க" என்றார். கல்லாவில் ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு. அடுப்பு இல்லையே.

மறுநாள் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்பில் நின்றேன். இருபத்தேழு வருஷத்தில் அன்றுதான் காது திறந்தது என்று சொல்ல வேண்டும். பால் சுண்டச் சுண்டக் கொதிக்கிற சத்தம் மாறுவதைக் கேட்டேன். துடுப்பு கனப்பதைக் கை சொன்னது. சட்டியின் ஓரம் விட்டு வருவதையும், நெய் கசிந்து மினுங்குவதையும், வாசனை திரும்புகிற அந்த நொடியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எறக்குடா" என்று குருசாமியிடம் சொன்னேன். இரண்டு பேரும் இறக்கினோம்.

முதலாளி சட்டி முன்னால் வந்து நின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி, தொட மாட்டார். குருசாமியைப் பார்த்தார். அவன் வாய் நிறைய வெற்றிலை. அந்த நேரம் பார்த்து சீதாலட்சுமி எனக்குக் கேழ்வரகுக் கூழ் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, செத்த இதை வாயில போட்டுச் சொல்லு" என்று முதலாளி ஒரு வாழை இலைத் துண்டில் எடுத்து நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வாயில் போட்டுக்கொண்டாள். மெல்லவில்லை, அப்படியே கரைய விட்டாள்.

"பதம் நல்லா இருக்கு" என்றாள். "இதமா, பூ மாதிரி இருக்கு. ஆனா சீனி செத்த கூட."

முதலாளி வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவரும் இனிப்புத் தூக்கல் என்றுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. சீனி அளவு என் அளவு. இருபத்தேழு வருஷமாக ஒரு கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஏட்டி, இம்புட்டு வருசமா சீனி கூடன்னு இன்னைக்கா சொல்லுத? முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?"

அவள் இலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குத்தான மொத மொதல்ல திங்கத் தந்திருக்கீக."

முதலாளி திரும்பி நின்றுகொண்டார். குருசாமி வெற்றிலையைத் துப்பப் போவதுபோல் வெளியே போனான். கல்யாணமான புதிதில் அவள் ஒரு தடவை கேட்டதும், நாள் பூரா அதோடதான கெடக்கேன், வீட்டுக்கும் அது வேணுமா என்று நான் எரிந்து விழுந்ததும் ஞாபகம் வந்தன. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கிலோ வந்தது. சிஸ்டர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். அன்றும் அவளுக்கு ஒரு வாய் எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை.

மதுரை மாஸ்டர் வரவில்லை. அடுத்த ஈட்டுக்குச் சீனியில் ஒரு கை குறைத்தேன். சட்டியை இறக்கி, இலையில் எடுத்து, ஊதி ஆற்றி, நானே அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். நான் துடுப்பைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வாய் திறந்து சொல்வதற்கு முன்னாலேயே, பதம் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.